திட்டு

இந்தக் கடலுக்கு ஓதம் தெரியாது.
போத்னிய வளைகுடாவின் வடமுனையில்
காற்றுதான் நீருக்குக் கணக்குப்பிள்ளை.
தென்காற்று அடித்தால் ஒரு முழம் ஏறும்.
வாடை திரும்பினால்
நேற்றுவரை இல்லாத கற்கள் முதுகு காட்டும்.

அது போதாதென்று நிலமும் எழுகிறது.
பனிப்பாளம் அழுத்திவைத்த முதுகை
பத்தாயிரம் ஆண்டுகளாக நிமிர்த்துகிறது,
ஆண்டுக்கு எட்டு மில்லிமீட்டர்.
நகம் இதைவிட வேகமாக வளரும்.

பாவம், பெயர்கள்தான் பின்தங்கிவிடுகின்றன.
'ஆழவாய்' என்ற இடத்தில்
இர்யா வுவொல்லோவின் கார் நிற்கிறது.
மாத்தலா என்றால் ஆழமில்லாத நீர்;
அங்கே பைன் காடு, ஓர் அஞ்சல் பெட்டி.
'சீல்கல்'லில் சீல் படுத்து நூறாண்டு ஆயிற்று,
இனி அது பேருந்து பிடித்துத்தான் வரவேண்டும்.

நான் ஊலுவிலிருந்து பெயர் எழுத வந்தவள்.
கையில் படிவம், அளவுகோல், ஓர் உத்தரவு:
கெமிக்குத் தெற்கே புதிதாகத் தலைகாட்டிய ஒன்றை
ஊரார் எப்படி அழைக்கிறார்கள், கேட்டு வா.

ஊரார் சொல்லவில்லை. சிரித்தார்கள்.
படகுத்துறையில் டீசல் ஊற்றிக்கொண்டிருந்த எலியல்
"இர்யாவைக் கேளுங்க, அவ அப்பா வச்சது" என்றான்
காது சிவக்க.

இர்யா படகில் வைத்துச் சொன்னாள்,
எஞ்சின் இரைச்சலுக்கு மேல் கத்தி:
ஐம்பத்தெட்டு, ஆகஸ்ட். புத்தம்புது எஞ்சின்.
முதல் தவணைகூடக் கட்டவில்லை.
முழங்கால் ஆழத்தில் கிடந்த கல்
விசிறியின் மூன்று இலையையும் தின்றது.
ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் கௌனோ வுவொல்லோ
படகில் எழுந்து நின்று
கல்லையும் கல்லைப் பெற்றவளையும்
திட்டிய திட்டு
தொலைவில் வலை இழுத்த மூன்று படகுகளுக்குக் கேட்டது.
இருட்டுவதற்குள் ஊருக்குக் கேட்டது.

அப்புறம் யாரும் வேறு பெயர் தேடவில்லை.
அதற்கு மேற்கே வலை போட்டேன்,
அதைச் சுற்றி வா, பனி மூட்டம்,
எல்லாம் அந்தச் சொல்லை வைத்துத்தான்.
பிள்ளைகள் இருந்தால் முதல் எழுத்து மட்டும்.

திட்டே திட்டாகிவிட்டது.

"எழுதுங்க."
எழுத முடியாது, பள்ளிச் சுவரில் மாட்டுவார்கள் என்றேன்.
"அப்ப கௌனோக்கல்னு போடுவீங்க.
அவர் பேரையா அதுக்கு?
சாகிற வரைக்கும் அதை மன்னிக்கல அவர்."

போய்ச் சேர்ந்தோம்.
பதினோரு அடி நீளம். ஒரு சாண் உயரம்.
கூழாங்கல், இரண்டு கைப்பிடி புல்,
உப்பு மறந்த கடல்நீர் நாலு பக்கமும்.
இரண்டு முட்டைகளுக்குச் சொந்தக்காரி ஆலா ஒன்று
என் உச்சந்தலையைக் கொத்திக் கொத்தி
தன் பங்குக்குத் திட்டியது.

தீவா, திட்டா, பாறையா?
ஒன்றை மட்டும் குறிக்கவும் என்றது படிவம்.
அப்போது காற்று தெற்கே மாறியிருக்க வேண்டும்.
நான் யோசிக்கையில்
என் காலணிக்குள் கடல் வந்துவிட்டது.

இர்யா தள்ளி, குனிந்து நின்றாள்.
கல்லில் மூன்று கீறல்,
அதில் ஒன்றில் இன்னும் வெண்கலத்தின் மஞ்சள்.
விரலை அதில் வைத்து
அந்தச் சொல்லைச் சொன்னாள்.
சத்தமாக இல்லை.
சாப்பிட வா என்று வீட்டுக்குள்ளிருந்து கூப்பிடுவது போல.

திரும்பும் வழியில் படிவத்தை முழங்காலில் விரித்தேன்.
முதல் எழுத்தை எழுதினேன்.
பிறகு புள்ளி, புள்ளி, புள்ளி.
இவ்வளவு சிறியதை
வரைபடத்தில் வேறு எப்படிக் காட்டுவது.

மேலதிகாரி கேட்டால்
பக்கத்தில் இன்னும் மூன்று
எழுந்துகொண்டிருக்கின்றன என்பேன்.